பொண்ணு பாக்கறதும் பொண்ணப் பாக்கறதும் கொஞ்சம் ஸ்பானிஷும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி, மணி ஒண்ணே முக்கால் இருக்கும், பெருங்குடி ஆபீஸ் ஏசி குளிர்ல ஷால் போத்திக்கிட்டு உக்காந்து, மெக்ஸிகோல மோன்டெர்ரேல இருக்கற ஒரு வெண்டருக்கு நானே சொந்தமா ஸ்பானிஷ்ல ஒரு மெயில் அடிச்சேன். அதுவரைக்கும் டிரான்ஸ்லேட்டர்ல போட்டு எடுத்துதான் அனுப்பிட்டு இருந்தேன். அன்னிக்கு என்னமோ தைரியம். கிளாஸ் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு, லாங்வேஜ் அலவன்ஸ் வேற கண்ணு முன்னாடி ஆடுது, நாமளே எழுதினா என்னன்னு தோணிடுச்சு.

விஷயம் ரொம்ப சின்னது. அவங்க அனுப்பின இன்வாய்ஸ் ஃபைல் ஓப்பன் ஆகல, திருப்பி அனுப்பணும், அவ்ளோதான். நான் எழுதினது, "போர் ஃபாவோர், என்வியெ உனா ஃபாக்தூரா". தயவுசெஞ்சு ஒரு இன்வாய்ஸ் அனுப்புங்க. எழுதிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா பதில் வந்து நிக்குது, இன்வாய்ஸும் இருக்கு. சந்தோஷத்துல நம்பரைக்கூட பாக்கல. மறுநாள்தான் தெரிஞ்சுது, அது பழைய இன்வாய்ஸ் இல்ல, அதே தொகைக்கு புத்தம் புதுசா வேற நம்பர்ல போட்ட இன்னொரு இன்வாய்ஸ். பாவம் அந்தம்மா, நான் கேட்டதைத்தான் குடுத்தாங்க. "உனா" ஃபாக்தூரா கேட்டேன், உனா ஃபாக்தூரா வந்துது. நான் கேட்டிருக்க வேண்டியது "லா" ஃபாக்தூரா. ("உனா" இங்கிலீஷ் "a" மாதிரி, "லா" இங்கிலீஷ் "the" மாதிரி, ஆண்பால் வார்த்தைன்னா "லா"வுக்குப் பதில் "எல்".)

நம்ம ஊர் கடைல பில் புக்கை கிழிச்சுப் போடற மாதிரி இல்ல அங்க. மெக்ஸிகோல இன்வாய்ஸ்னா சி.எஃப்.டி.ஐ., முழுக்க எலக்ட்ரானிக், வரித்துறைக்குப் போய் பதிவாகிடும். கேன்சல் பண்ணணும்னா பொதுவா வாங்கறவங்க பக்கத்துலயும் ஒத்துக்கிட்டாதான் ஆகும். ஆக ரெண்டு எழுத்து மாறினதுக்கு ரெண்டு கம்பெனி, ரெண்டு நாடு, நடுவுல பதினொன்றரை மணி நேர வித்தியாசம், ஒரு வாரம் மெயில் ஓடிச்சு. எங்க டீம் லீட் திட்டல, ஆனா "சிஸ்டர், இனிமே டிரான்ஸ்லேட்டர்லயே போட்டுடுங்களேன்"னு சொன்னான் பாருங்க, அதுக்கு திட்டியே இருக்கலாம்.

அந்த சனிக்கிழமை நுங்கம்பாக்கம் கிளாஸ்ல மேடம்கிட்ட புலம்பினேன். எங்க தமிழ்ல இந்த எல்-லாவெல்லாம் கிடையாது மேடம், அதான் எங்களுக்கு வராதுன்னு. மேடமும் தமிழ்தான். சிரிச்சிட்டு, "அந்த மெயில தமிழ்ல எப்படி எழுதிருப்பீங்க?"ன்னு கேட்டாங்க. "இன்வாய்ஸ் அனுப்புங்கன்னு எழுதிருப்பேன்". "நிஜமாவா? ஏற்கனவே அனுப்பின அதே இன்வாய்ஸ்தான் திரும்ப வேணும்னா?" யோசிச்சேன். "...இன்வாய்ஸ அனுப்புங்க". "அந்த அ எங்கேர்ந்து வந்துது?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. நாப்பத்தி நாலு வருஷமா வாய்ல இருக்கற ஒரு விஷயத்தை அப்பதான் முதல் தடவை பாக்கறேன். இன்வாய்ஸ் அனுப்புங்கன்னா ஏதோ ஒண்ணு. இன்வாய்ஸை அனுப்புங்கன்னா உனக்கும் எனக்கும் தெரிஞ்ச அந்த ஒண்ணு. ஸ்கூல்ல இரண்டாம் வேற்றுமை உருபு ஐ, ஐ-ன்னு மனப்பாடம் பண்ணோமே, அது செயப்படுபொருளைக் காட்டும்னு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க, சொல்லாம விட்ட பாதி இதுதான். புக் வாங்கினேன், புக்க வாங்கினேன். மாத்திர போட்டியா, மாத்திரைய போட்டியா. முதல்ல கேக்கறது பொதுவா, ரெண்டாவது கேக்கறது டாக்டர் எழுதிக் குடுத்து டைனிங் டேபிள்ல நீ மறந்து வெச்சிட்டுப் போன அதே மாத்திரை.

இதுல உச்சம் என்னன்னா பொண்ணு பாக்கறது. "பொண்ணு பாக்கப் போறோம்"னா பஜ்ஜி சொஜ்ஜி, தாம்பாளம், மாப்பிள்ளை வீடு. "பொண்ணப் பாக்கப் போறோம்"னா ஹாஸ்டல்ல படிக்கற பொண்ணுக்கு முறுக்கு எடுத்துட்டுப் போறோம். ஒரு எழுத்துதான், வீட்டு விசேஷமே மாறிப் போகுது! ஸ்பானிஷ்லயும் அச்சு அசல் இதே கூத்து இருக்கு. குறிப்பிட்ட ஒரு ஆள் செயப்படுபொருளா வந்தா முன்னாடி ஒரு "ஆ" சேப்பாங்க. "புஸ்கோ செக்ரெதாரியா"ன்னா செக்ரெட்டரி தேடறேன், வேலைக்கு ஆள் வேணும், யார்னாலும் சரி. "புஸ்கோ ஆ லா செக்ரெதாரியா"ன்னா செக்ரெட்டரியத் தேடறேன், எங்க போனாங்கன்னு தெரியல. இந்த "ஆ"தான் ஆரம்பப் பாடத்துல நிறைய பேர் தடுக்கி விழற இடமாம், இங்கிலீஷ்ல அப்படி ஒண்ணு இல்லாததால. நமக்கு அது தொட்டில்லேர்ந்தே பழக்கம்.

சரி, டேபிளை சட்டுன்னு முடிச்சிடறேன், எல்லா புக்லயும் முதல் பக்கத்துலயே இருக்கும். எல், லா, லோஸ், லாஸ். உன், உனா, உனோஸ், உனாஸ். ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மை, நாலு நாலு எட்டு. மேசைக்கு எதுக்கு பெண்பால்னு கேக்காதீங்க, நாம அஃறிணைன்னு ஒரே மூட்டைல கட்டி வெச்சதை அவங்க ரெண்டா பிரிச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான். "லா மேசா", அது நம்ம மேசையேதான், போர்ச்சுகீஸ்காரங்க வழியா வந்த வார்த்தை. "லா மானோ", கை, ஓ-ல முடிஞ்சாலும் பெண். "எல் மாபா", ஆ-ல முடிஞ்சாலும் ஆண். மனப்பாடம்தான், வேற வழி கிடையாது.

ஆனா இது எங்கேர்ந்து வந்துதுங்கறது சுவாரஸ்யம். லத்தீன்ல இந்த எல்-லா எதுவுமே கிடையாது, நம்மள மாதிரிதான் இருந்திருக்கு. "இல்லெ"ன்னா லத்தீன்ல "அந்த". "ஊனுஸ்"னா "ஒண்ணு". ஜனங்க பேசிப் பேசி எதுக்கெடுத்தாலும் அந்த அந்தன்னு சொல்லி, அது தேஞ்சு தேஞ்சு எல், லான்னு ஆச்சு. ஒண்ணு தேஞ்சு உன், உனா. அப்ப நாம பேசறப்போ "ஒரு பையன் வந்தான், அந்தப் பையன் என்ன பண்ணான்னா"ன்னு கதை சொல்றோமே, அதே பாதைதான், அவங்க முழுசா போய்ட்டாங்க, நாம பாதில திண்ணைல உக்காந்துட்டோம். எனக்கென்னவோ திண்ணைதான் வசதியா இருக்கு.

நம்ம மெட்ராஸ்லயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. லஸ் கார்னர். போர்ச்சுகீஸ்காரங்க 1516-ல கட்டினதா சொல்ற லஸ் சர்ச்சுக்கு அவங்க வெச்ச பேரு "நோஸ்ஸா செஞ்ஞோரா தா லூஸ்", ஒளியின் மாதா. அந்த "தா"வுக்குள்ள "லா"வோட போர்ச்சுகீஸ் தங்கச்சி ஒளிஞ்சிட்டு இருக்கா. ஸ்பானிஷ்ல அதே வார்த்தை "லா லூஸ்", வெளிச்சம், நம்ம வீட்டு கரெண்ட்டுக்கும் அதைத்தான் சொல்வாங்க. நாம என்ன பண்ணோம், "தா"வை கழட்டி கடல்ல போட்டுட்டு வெறும் லஸ்ஸை மட்டும் வெச்சுக்கிட்டோம். கச்சேரி ரோட்லேர்ந்து ஆட்டோக்காரர் லஸ் லஸ்னு கூப்பிடும்போதெல்லாம் இப்ப எனக்கு ஒரு "லா" மிஸ்ஸிங்னு தோணுது.

எங்க போடணும் எங்க போடக்கூடாதுங்கறதுல இங்கிலீஷ் வழியா போறவங்கதான் ஜாஸ்தி அடி வாங்கறாங்கன்னு என் அபிப்ராயம். நான் அக்கவுண்டன்ட், இதுக்கு ஸ்பானிஷ்ல "சோய் கோந்தாதோரா", "உனா" வேணாம். தமிழ்லயும் ஒரு அக்கவுண்டன்ட்னு சொல்ல மாட்டோம். (ஆனா "சோய்"யை, அதாவது இங்கிலீஷ் "I am"-ஐ, முழுங்கிடக் கூடாது, நமக்கு அந்த இடத்துல வினையே கிடையாதுல்ல, நான் முழுங்கிட்டே இருப்பேன்.) தலை வலிக்குதா, "மெ துவேலெ லா கபேசா", எனக்கு வலிக்குது தலை, அவ்ளோதான், "என்னோட தலை"ன்னு விளக்கம் குடுக்க வேணாம், வேற யார் தலை வலிக்கப் போகுது. காபி பிடிக்கும்கறது "மெ குஸ்தா எல் கஃபே". இதுல "மெ"ங்கறது அப்படியே நம்ம "எனக்கு". கூடப் படிக்கற காலேஜ் பசங்க இதை இங்கிலீஷ்ல போட்டு தலைகீழா யோசிச்சு முழி பிதுங்கறாங்க, எனக்குக் காபி பிடிக்கும்னு தமிழ்ல நினைச்சா வேலை முடிஞ்சுது. அந்த "எல்" மட்டும்தான் புதுசு. காபிங்கற ஜாதி முழுசையும் சொல்றதால எல் போட்டே ஆகணும். "லோ புவேனோ"ன்னு ஒண்ணு வரும், நல்ல விஷயம்னு விளக்குவாங்க, அதெல்லாம் வேணாம், "நல்லது", அவ்ளோதான்.

தண்ணிக்கு மட்டும் ஒரு வம்பு. "ஆகுவா" பெண்பால், ஆனா "எல் ஆகுவா". லா ஆகுவான்னா ரெண்டு ஆ மோதுது. அழுத்தமான ஆ-ல ஆரம்பிக்கற பெண்பால் வார்த்தைக்கு முன்னாடி ஒருமைல எல். பன்மைன்னா பழையபடி "லாஸ் ஆகுவாஸ்". இன்னும் கேளுங்க, தண்ணி ஜில்லுன்னு இருக்குன்னா "எல் ஆகுவா எஸ்தா ஃப்ரீயா", முன்னாடி ஆம்பள வேஷம், பின்னாடி பொம்பள. என் பையன் பத்தாவது படிக்கறான், அவன்கிட்ட சொன்னேன், "ஓர் ஆறு, ஒரு மலை மாதிரிதானம்மா"ன்னு கேஷுவலா சொல்லிட்டு போய்ட்டான். அதேதான். உயிரெழுத்து வந்தா ஓர். காதுக்காகப் பண்ற மாத்தம்.

இப்ப என்னை ஆறு மாசம் அழ வெச்ச விஷயத்துக்கு வரேன். "இருக்கு".

மெட்ராஸ் தமிழ்ல இருக்குங்கற ஒரே வார்த்தைய வெச்சு குடும்பமே நடத்திடலாம். பால் இருக்கு. பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. பால் புளிப்பா இருக்கு. ஸ்பானிஷ்காரன் இதை மூணு பேருக்கு பங்கு போட்டுட்டான். எனக்கு இருக்காங்கங்கறது "தேங்கோ", என் கைல வெச்சிருக்கேன். ஒரு குறிப்பிட்ட சாமான் எங்க இருக்கு, எப்படி இருக்குங்கறது "எஸ்தா". அப்படி ஒண்ணு உலகத்துல, இந்த வீட்ல, இந்தத் தெருவுல இருக்கா இல்லையாங்கறது "ஐ". எழுதும்போது எச் ஏ ஒய், எச் வாய்லயே வராது, நம்ம ஐ எழுத்துதான். (ஆய்னு தமிழ்ல எழுதி நோட்ல வெச்சிருந்தேன், என் சின்னவன் பாத்துட்டு ரெண்டு நாள் சிரிச்சான்.)

ரூல் சிம்பிள்தான். ஐ-க்குப் பின்னாடி உன், உனா வரலாம், எண்ணிக்கை வரலாம், ஒண்ணுமே இல்லாம வெறுமனே பொருள் வரலாம், ஆனா எல், லா பொதுவா வராது. "ஐ உன் பாங்கோ", ஒரு பேங்க் இருக்கு. "எல் பாங்கோ எஸ்தா அகீ", பேங்க் இங்க இருக்கு. "ஐ லெச்சே", பால் இருக்கு. "ஐ லா லெச்சே"ன்னா மேடம் பேனாவை கீழ வெச்சிடுவாங்க. ரூல் தெரியும், பேசும்போது வாய் எஸ்தாங்கும். ஏன்னா மண்டைக்குள்ள ரெண்டுக்கும் ஒரே இருக்கு.

இதுக்கு மருந்து வீட்லயே இருந்துது. என் மாமியார் நாகர்கோவில். அத்தை காலைல கிச்சன்ல நின்னு கேப்பாங்க, "மக்ளே, பால் உண்டா?" காய்கறி வண்டிக்காரர்கிட்ட "முருங்கக்கா உண்டா?" பஸ்ல கண்டக்டர்கிட்ட "சில்லற உண்டும்"னு பெருமையா. கல்யாணம் ஆகி வந்த புதுசுல அத்தை பேச்சை கேட்டு நாங்க எல்லாம் சிரிப்போம், மலையாளம் மாதிரி இருக்குன்னு. ஒரு நாள் காலைல, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்காம ஹோம்வொர்க் பண்ணிட்டு இருந்தேன், உள்ளேர்ந்து குரல் வருது, "பால் உண்டா?" நான் பேப்பர்ல எழுதினது "ஐ லெச்சே". அப்படியே கை நின்னுடுச்சு. ஐ-ன்னா உண்டு! மெட்ராஸ்ல நாங்க தொலைச்சிட்ட வார்த்தை, அத்தை பத்திரமா வெச்சிருந்திருக்காங்க.

தொலைச்சோம்னு சொன்னேனே, முழுசா இல்ல, பேச்சுலதான். போர்டுல இன்னும் இருக்கு. "பார்க்கிங் வசதி உண்டு". "பார்சல் உண்டு". எவனும் பார்சல் இருக்குன்னு போர்டு வெக்கல. மெக்ஸிகோலயும் கடை வாசல்ல அட்டைல எழுதித் தொங்க விடுவாங்க, "ஐ யேலோ", ஐஸ் உண்டு, "ஐ தமாலெஸ்", தமாலே உண்டு. தமாலேங்கறது சோள மாவை இலைல சுருட்டி வேக வெக்கறது, கிட்டத்தட்ட நம்ம இலைக் கொழுக்கட்டை அண்ணன்.

இன்னொண்ணு. ஐ ஒருமை பன்மைக்கு மாறாது. ஒரு நாய்னாலும் ஐ, நூறு நாய்னாலும் ஐ. எங்க கிளாஸ்ல ஒரு பையன், பேங்க்ல இருக்கான், பன்மைக்கு வேற ரூபம் இருக்கணுமேன்னு அடம் பிடிச்சான். எனக்கு ஒன்பதாம் கிளாஸ் தமிழ் ஐயா ஞாபகம் வந்தார். வேறு, இல்லை, உண்டு, இந்த மூணும் அஞ்சு பாலுக்கும் மூணு இடத்துக்கும் பொதுன்னு நன்னூல்ல ஒரு சூத்திரம் இருக்கு, அவர் பிரம்பை தட்டித் தட்டி சொல்வார். ஒரு நாய் உண்டு, நூறு நாய் உண்டு. அவன் இல்லை, அவர்கள் இல்லை, நான் இல்லை. பவணந்தி முனிவர் ஸ்பானிஷுக்கும் சேத்து எழுதி வெச்ச மாதிரி! நம்மாளுங்களே இதைக் கெடுத்து பன்மைக்கு "இல்லைகள்"னு எழுதினா எப்படி இருக்கும், அந்த மாதிரி அங்கயும் பேச்சுல நடக்குது. ஐ-யோட ஒரு இறந்தகால ரூபம் "அபீயா", ஒருமை பன்மை ரெண்டுக்கும் அதேதான் சரி, ஆனா நிறைய பேர் பன்மைன்னு நினைச்சு "அபீயான்"பாங்க, மாட்ரிட்ல 1713-லேர்ந்து இருக்கற மொழி அகாடமி அதை ஏத்துக்கறதில்ல, ஜனங்க அகாடமியக் கேட்டா பேசறாங்க.

அந்த ஐ-யைப் பிரிச்சா இன்னும் வேடிக்கை. "ஆ"ன்னா வெச்சிருக்கு, பழைய ஸ்பானிஷ்ல "இ"ன்னா அங்க. ஆ, இ, ரெண்டும் ஒட்டி ஐ. "அங்க வெச்சிருக்கு". யாரு வெச்சிருக்காங்க? யாரும் இல்ல. எழுவாயே இல்லாத வினை. அதான் பன்மைக்கு மாறவும் மாறாது.

உண்டு கிடைச்சதும் நான் ராஜா மாதிரி திரிஞ்சேன். எதைக் கேட்டாலும் மனசுக்குள்ள அத்தை குரல்ல சொல்லிப் பாப்பேன், உண்டு ஒத்து வந்தா ஐ. கொஞ்ச நாள்தான். ஃபோன்ல அத்தை அவங்க அண்ணன் வீட்டுக்குப் பேசறாங்க, "அண்ணன் உண்டா?" ஸ்பானிஷ்ல இதுக்கு "ஐ" போட முடியாது, தெரிஞ்ச ஆள் வீட்ல இருக்காரான்னு கேக்கறதுக்கு "எஸ்தா"தான். அத்தை ஊர் உண்டு ஐ-யை விட பெருசு, எல்லையத் தாண்டிப் போகுது. மேடம்கிட்ட சொன்னேன், அவங்க ஒரு சின்ன சோதனை சொல்லிக் குடுத்தாங்க. பொருளுக்கு முன்னாடி "ஏதாவது" போட்டுப் பாருங்க, ஒத்து வந்தா ஐ. "அந்த" ஒத்து வந்தா எஸ்தா. ஏதாவது பால் உண்டா, ஐ. அந்த அண்ணன் உண்டா, எஸ்தா. ஆக திரும்பவும் இன்வாய்ஸ், இன்வாய்ஸை கதைதான். எல்-லா ஒரு பாடம், ஐ-எஸ்தா ஒரு பாடம்னு புக்ல தனித்தனியா வெச்சிருக்காங்க, எனக்கு அது ரெண்டும் ஒரே பாடம். புதுசா சபைக்கு வர ஆளா, எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளா, இதைத்தான் ரெண்டு இடத்துலயும் கேக்கறான்.

இல்லைக்கும் இதே பங்கீடு. 2019 ஜூன்ல புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம்னு எல்லா ஏரியும் வறண்டு, மடிப்பாக்கத்துல நாங்க லாரிக்கு குடத்தோட நின்னோமே, அது "நோ ஐ ஆகுவா". தண்ணியே இல்ல. லாரி வந்துருச்சுன்னு ஓடிப் போய்ப் பாத்தா தெருமுனைல காணோம், அது "நோ எஸ்தா". அவன் டாக்டர் இல்லங்கறது "நோ எஸ்". எழுத்துத் தமிழ்ல அதுக்கு அல்லன்னு தனியா ஒண்ணு வெச்சிருந்தோம், பேச்சுல அதையும் இல்லைக்குள்ள தள்ளி கதவை சாத்திட்டோம்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் மெட்ராஸ் தமிழ் அப்படியே கை குடுத்துது. எங்க நடக்குதுன்னு கேக்கற விஷயத்துக்கு எஸ்தா வராது, "எஸ்" வரும். "தோந்தெ எஸ் லா போதா", கல்யாணம் எங்க. "தோந்தெ எஸ்தா எல் சலோன்", மண்டபம் எங்க இருக்கு. கவனிங்க, கல்யாணம் எங்க இருக்குன்னு நாம கேக்கறதில்ல, கல்யாணம் எங்கன்னு விட்டுடுவோம். மண்டபத்துக்குத்தான் இருக்கு. கிளாஸ்ல எல்லாரும் இதுல முழிச்சப்போ நான் மட்டும் பத்துக்கு பத்து.

அந்த இன்வாய்ஸ் என்னாச்சுன்னா, மேடம் உதவியோட இன்னொரு மெயில் எழுதினேன், "லா" எல்லாம் சரியா போட்டு, தப்பு என்னோடதுன்னு சொல்லி, புதுசை கேன்சல் பண்ணி பழசோட ஃபைலை திருப்பி அனுப்பச் சொல்லி. அந்தம்மா ரெண்டே வார்த்தைல பதில் போட்டிருந்தாங்க, "யா எஸ்தா". நான் எஸ்தாவைப் பாத்ததும் பாடம் ஞாபகம் வந்து, இப்ப இருக்கு, சரி, எது இருக்கு, எங்க இருக்குன்னு அட்டாச்மென்ட், ஸ்பாம் ஃபோல்டர், ஷேர் டிரைவ்னு கால் மணி நேரம் தேடினேன். அப்புறம்தான் பக்கத்து சீட் பொண்ணு எட்டிப் பாத்து சொன்னா, "அக்கா, ஆச்சுன்னு சொல்றாங்க".